சிகே ஒன், 1994: யாருக்கு விளம்பரம், யாரைக் காட்டி விளம்பரம்

செண்ட் விளம்பரத்தில் விற்கிற சரக்கையே காட்ட முடியாது என்பார்கள். பாட்டிலைக் காட்டலாம், பூவைக் காட்டலாம், மணத்தை எப்படிக் காட்டுவது? அதற்கும் ஒரு வழி பார்த்தார்கள். 1980களின் முதல் பாதியில் ஜார்ஜியோ பெவர்லி ஹில்ஸ் என்ற செண்டுக்காக அமெரிக்கப் பத்திரிகைகளில் வாசனைப் பட்டை வைத்தார்கள். தாளின் மடிப்பைப் பிரித்தால் மணம் மூக்கில் ஏறும். சரி, மணம் வந்துவிட்டது. அப்புறம்? முகர்ந்து பார்த்தவர் ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ‘இது எனக்கானது’ என்று அவரை நினைக்கவைப்பது தனி வேலை. வடிவமைப்பாளருக்குக் கூலி கொடுப்பது அந்த வேலைக்குத்தான்.

ஒரு இலக்குக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து செண்ட் விளம்பரம் தயாரியுங்கள் என்று சொன்னால், புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். வயது, பாலினம், வருமானம் என்று ஒரு கட்டம் போடுவார்கள். கட்டத்துக்குள் விழும் ஆளைப்போலவே ஒரு மாடலைப் பிடிப்பார்கள். மாடலின் கையில் பாட்டிலைக் கொடுப்பார்கள். கீழே ‘உனக்காகவே’ என்ற பொருள் வரும்படி ஒரு வரி. எல்லாம் சரியாகத்தான் இருக்கும், யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். இந்தக் கட்டத்தைத் தாண்டி யோசிக்க நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு கால்வின் க்ளைன் என்ற அமெரிக்க உடை நிறுவனம் 1994ல் வெளியிட்ட சிகே ஒன் என்ற செண்ட். இதில் இலக்கு நுகர்வோர் யார் என்ற முடிவு படத்தோடு நிற்கவில்லை. திரவம், பாட்டில், அட்டைப்பெட்டி, விற்கும் கடை என்று எல்லாவற்றிலும் அது இறங்கியிருக்கிறது. அதனால் இந்த ஆய்வில் படத்துக்கு வருவதற்கு முன்பே நிறையப் பேசவேண்டியிருக்கிறது.

முந்தைய பத்து வருடம்

1980களின் செண்டுகள் அறைக்குள் ஆள் வருமுன்னே வந்து சேர்பவை. ஜார்ஜியோ 1981ல் வந்தது. அதைப் பூசிக்கொண்டு வருபவர்களுக்குச் சில உணவகங்கள் தடை போட்டதாகச் செய்திகள் வந்த அளவுக்கு அதன் வீச்சு இருந்தது. 1985ல் டியோர் நிறுவனத்தின் பாய்சன். அதே வருடம் கால்வின் க்ளைனின் அப்செஷன். விளம்பரங்களும் அதே கனத்தில்தான் இருந்தன: ஆடையற்ற உடல்கள், மோகம், ஒருவரை ஒருவர் அடையத் துடிக்கும் தனி மனிதர்கள்.

1988ல் அதே நிறுவனம் எடர்னிடியைக் கொண்டுவந்தபோது திசை மாறியது. மாடல் கிறிஸ்டி டர்லிங்டன் விளம்பர முகமாக வந்தார். காதல், திருமணம், குடும்பம் என்று படங்கள் வெளுத்து அமைதியாயின. 1991ல் எஸ்கேப். இந்த மூன்றிலும் ஒரு பழக்கம் மாறவில்லை. பெண்ணுக்கு ஒரு பாட்டில் வரும், கொஞ்சம் தள்ளி அதே பெயரில் ஆணுக்கு இன்னொன்று வரும். இரண்டு திரவம், இரண்டு பெட்டி, கடையில் இரண்டு இடம், இரண்டு விளம்பரம்.

நிறுவனத்தின் செண்ட் வியாபாரம் 1989ல் யூனிலீவர் கைக்குப் போயிருந்தது. அதாவது பின்னால் பெரிய பணமும் உலகம் முழுக்க விநியோகமும் இருந்தன. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வெற்றிக் கதைகளைப் படிக்கும்போது இந்த மாதிரி விஷயம் கண்ணிலிருந்து நழுவிவிடும்.

இலக்கு: வயதுக்குப் பின்னால் இருந்த பழக்கங்கள்

காகிதத்தில் பார்த்தால் இலக்கு எளிமையானது: 1960களின் நடுவுக்குப் பிறகு பிறந்தவர்கள், அப்போது பதின்ம வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ இருந்தவர்கள். ஆனால் அந்த வயதை மட்டும் தெரிந்துகொண்டு ஒரு கோடுகூடப் போட முடியாது. அவர்களுடைய பழக்கங்களைப் பார்க்கும்போதுதான் வேலை தொடங்குகிறது.

தொலைக்காட்சி முன்னால் வளர்ந்த தலைமுறை அது. விளம்பரம் எப்படிப் பேசும், எந்த இடத்தில் இசை ஏறும், எந்த இடத்தில் பொருள் வந்து நிற்கும் என்பதெல்லாம் மனப்பாடம். 1990–91ல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது வேலை தேடியவர்களும் அதில் உண்டு. ஆடம்பரத்தைக் காட்டி அவர்களை மயக்குவது கடினம். உடுத்துவது ஜீன்ஸ், டி-சட்டை, பழைய கட்டம்போட்ட சட்டை. இந்த உடைகளில் பையனுடையது எது, பெண்ணுடையது எது என்று பிரிக்க முடியாது. மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். சுற்றுவதும் கூட்டமாக. டிபார்ட்மென்ட் ஸ்டோரின் அழகுசாதனக் கவுண்டரில், ஒப்பனை செய்த விற்பனைப் பெண் மணிக்கட்டில் செண்ட் அடித்துவிடும் இடத்தில், அவர்கள் அவ்வளவாக நிற்பதில்லை. இசைத்தட்டுக் கடையில் மணிக்கணக்கில் நிற்பார்கள்.

இந்தப் பட்டியலில் எனக்கு முக்கியமாகப் படுவது சட்டை விவகாரம்தான். ஒரே சட்டையை இரண்டு பேரும் போடலாம் என்றால், செண்ட் மட்டும் ஏன் இரண்டு அலமாரியில் இருக்கவேண்டும்? இப்படி ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் விளம்பரத்தில் பாதி முடிந்த மாதிரி.

இது புதிய யோசனை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 1709ல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஃபரீனா குடும்பம் விற்கத் தொடங்கிய கொலோன் நீரை ஆணும் பெண்ணும் பூசிக்கொண்டார்கள். கெர்லான் நிறுவனத்தின் 1889ம் வருட ஜிக்கி இரு பாலருக்கும் பழகிய செண்ட். எலுமிச்சை மணத்துக்கு ஆண், பெண் தெரியாது. பிரித்து வைத்தது பெரும்பாலும் கடை அலமாரியும் விளம்பரமும்தான். சிகே ஒன் செய்தது அந்தப் பழைய பழக்கத்தைப் புதிய கூட்டத்தின் உடைக்குள் கொண்டுவந்தது.

இளைஞர்களின் தெருவுடையைக் கடன்வாங்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு, அதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு எதிர்ச் சான்று கிடைத்திருந்தது. 1992 இறுதியில் உடை வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸ், பெர்ரி எல்லிஸ் நிறுவனத்துக்காக ‘கிரஞ்ச்’ பாணியில், அதாவது ராக் இசைக் கூட்டத்தின் கலைந்த தெருவுடைப் பாணியில், ஒரு உடை வரிசையை மேடையேற்றினார். பழைய கட்டம்போட்ட சட்டையைப் பட்டுத் துணியில் அச்சிட்டுக் கொடுத்தார். அவருக்கு வேலை போனது. அந்தப் பாணியை நிஜமாகவே உடுத்துபவர்களுக்கு அது பழைய துணிக் கடையில் சில்லறைக்குக் கிடைக்கும். பட்டுச் சட்டைக்குப் பணம் கொடுக்கக்கூடியவர்களுக்கோ அந்தத் தோற்றமே பிடிக்கவில்லை. படத்தில் ஒரு கூட்டம், பணப்பையோடு இன்னொரு கூட்டம், நடுவில் பாலம் இல்லை. செண்டில் அந்தப் பாலம் உண்டு. வடிவமைப்பாளரின் பெயர் போட்ட பொருள்களிலேயே கைக்கு எட்டுகிற விலையில் இருப்பது ஒரு பாட்டில் செண்ட்தான்.

திரவம், பாட்டில், கடை

மணத்தைச் செய்தவர்கள் இருவர்: ஆல்பெர்டோ மொரியாஸ், ஹாரி ஃப்ரெமோன். பெர்கமோட் என்ற எலுமிச்சை வகை, பச்சைத் தேயிலை, லேசான மல்லிகைச் சாயல், கஸ்தூரி மாதிரியான சுத்தமான அடிமணம். மல்லிகைச் சாயலைக் கொடுக்கும் ஹெடியோன் என்ற வேதிப்பொருளை 1966லேயே டியோர் தனது ஓ சோவாஜ் என்ற ஆண்கள் செண்டில் பயன்படுத்தியிருந்தது. பூ மணத்தைக் கனமில்லாமல், காற்றோட்டமாக ஆக்குவது அதன் குணம். பெண் பூ என்று ஒதுக்கப்பட்ட மல்லிகையை ஆண்கள் செண்டில் நுழைத்த அதே சரக்கு இங்கே இருவருக்குமான செண்டில் வேலை செய்கிறது.

விளம்பர ஆய்வில் மணக் கலவை எதற்கு? கூட்டமாக நிற்பவர்களைக் காட்டப்போகிற விளம்பரத்தின் பாட்டிலைத் திறந்தால், பக்கத்தில் நிற்பவர் மூக்கைப் பொத்தும் மணம் வரக்கூடாது. குளித்து முடித்த உடல் மாதிரி, கிட்டே வந்தால் மட்டும் தெரியும் மணமாக இருந்தது. படம் சொன்னதைத் திரவம் மறுக்கவில்லை. இந்தப் பொருத்தம் கைகூடாத விளம்பரங்களை நிறையப் பார்க்கலாம்: படத்தில் கடற்கரைக் காற்று, பாட்டிலுக்குள் வெல்லப்பாகு. வாடிக்கையாளர் ஒரு முறை ஏமாறுவார், மறுமுறை அந்தப் பெயரையே நம்ப மாட்டார்.

பாட்டிலை வடிவமைத்தவர் ஃபேபியன் பரோன். பனிபடர்ந்த மாதிரியான கண்ணாடி, தட்டையான உடல், உலோகத் திருகு மூடி. கால்சட்டையின் பின்பையில் வைத்துக்கொள்ளும் மதுக்குப்பியின் சாயல். அன்றைய பெண்கள் செண்ட் பாட்டில்கள் அலங்கார மேசையில் வைத்து அழகு பார்க்கிறவை. மூடியே ஒரு சிற்பம் மாதிரி இருக்கும். இது பைக்குள் எறிந்து எடுத்துப்போகிற பாட்டில். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகலாம், கீழே விழுந்தாலும் பெரிதாக மனம் பதறாது. பெயரும் சின்ன எழுத்துகளில், அடக்கமாக. பெட்டி மறுசுழற்சி செய்த வெறும் அட்டை, பளபளப்பு இல்லை. இதையெல்லாம் சிக்கனம் என்று நினைத்துவிடக்கூடாது. எளிமையாகத் தோன்றவேண்டும் என்பதற்காக நன்றாகச் செலவு செய்து யோசித்த எளிமை இது.

அடுத்தது கடை. டவர் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடைத் தொடரிலும் சிகே ஒன் விற்றது. எனக்கு இதுதான் மொத்த முயற்சியிலும் தைரியமான முடிவாகத் தெரிகிறது. இசைத்தட்டுக் கடையில் ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி என்று கிடையாது. வலுக்கட்டாயமாக மணிக்கட்டைப் பிடிக்கும் விற்பனையாளர் கிடையாது. இருவருக்குமான செண்டை டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு மட்டும் கொண்டுபோனால் ஏதாவது ஒரு பக்கத்து அலமாரியில்தான் வைப்பார்கள். வைத்த கணமே விளம்பரம் சொன்னது பொய்யாகிவிடும். பல பிரீஃப்களில், அதாவது விளம்பரம் யாருக்கு, எதற்கு என்று வடிவமைப்பாளருக்குக் கொடுக்கும் வேலைக் குறிப்புகளில், ‘எங்கே விற்போம்’ என்ற வரி கடைசியில், அதுவும் சந்தைப்படுத்தல் துறை நிரப்பட்டும் என்று காலியாகக் கிடக்கும். அந்த வரி தெரியாமல் படம் வரையத் தொடங்குவது சரியில்லை என்பது என் கட்சி.

படம்

இப்போது விளம்பரத்துக்கு வரலாம். படம் எடுத்தவர் புகைப்படக்காரர் ஸ்டீவன் மெய்செல். கறுப்பு-வெள்ளை. பின்னால் வெறும் வெளிர் திரை. கடற்கரை இல்லை, படுக்கை இல்லை, நகரம் இல்லை. நீளவாக்கில் ஒரு வரிசை இளைஞர்கள் நிற்கிறார்கள். கேட் மாஸ் இருக்கிறார், ஜென்னி ஷிமிசு இருக்கிறார், ஸ்டெல்லா டெனன்ட் இருக்கிறார். பலவித நிறம், பலவித முடி. சிலர் சட்டையில்லாமல். பெரும்பாலும் ஜீன்ஸ். யாரும் நிமிர்ந்து நிற்கவில்லை. இடுப்பை ஒரு பக்கம் தள்ளி, தோளைத் தொங்கவிட்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர்களைப்போலச் சோம்பலாக நிற்கிறார்கள். சிலர் நம்மைப் பார்க்கிறார்கள், சிலர் பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், சிலருக்கு நாம் இருப்பதே தெரியாது. ஓரமாகப் பெயர், ஆணுக்கோ பெண்ணுக்கோ உரிய ஒரு வாசனை என்று ஒரு வரி. அவ்வளவுதான் வாசகம்.

ஜென்னி ஷிமிசுவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மாடலாவதற்கு முன் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்காக இருந்தவர். ஒட்ட வெட்டிய முடி, மேற்கையில் பெரிதாகப் பச்சை குத்திய படம்: ஸ்பேனர் மேல் கால் போட்டு உட்கார்ந்த ஒரு பெண். பக்கத்தைப் புரட்டுகிறவர் முதல் பார்வையில் இவர் ஆணா பெண்ணா என்று ஒரு நொடி தடுமாறுவார். அந்த ஒரு நொடித் தடுமாற்றமே விளம்பரத்தின் செய்தி. வாசகத்தில் எழுதியிருப்பதை அவருடைய தோள்களே சொல்லிவிடுகின்றன. மாடல் தேர்வு என்பது அழகான முகம் தேடுவது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு தேர்வைப் பார்த்தால் போதும்.

இந்தப் படம் ஒரு பழைய படத்தை நினைவூட்டுவதைப் பலர் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். 1969 அக்டோபரில் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடன், ஓவியர் ஆண்டி வார்ஹோலையும் ‘ஃபேக்டரி’ என்ற அவருடைய கலைக்கூடத்தின் கூட்டாளிகளையும் வெள்ளைப் பின்னணியில் வரிசையாக நிறுத்தி எடுத்த பெரிய படம் அது. பத்தொன்பது வயதுப் பையனுக்கு அந்தப் படம் தெரிந்திருக்கவேண்டியதில்லை. ஆனால் படத்துக்குள் ‘இது ஒரு கூட்டம், இவர்களுக்குள் ஒரு உலகம் இருக்கிறது, அது வெளியாளுக்குத் திறப்பதில்லை’ என்ற உணர்வு அங்கிருந்துதான் வருகிறது. தெரிந்தவருக்குக் குறிப்பு புரியும், தெரியாதவருக்கு உணர்வு புரியும். கடன்வாங்கினால் இப்படி வாங்கவேண்டும்.

இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். செண்ட் விளம்பரங்களின் வாடிக்கையான நாடகம் இரண்டு பேருக்குள் நடக்கும்: ஒருவர் பூசிக்கொள்வார், இன்னொருவர் மயங்குவார். இங்கே யாரும் யார் மீதும் மயங்கவில்லை. யாரும் கழுத்தை நீட்டி முகரவில்லை. ‘இதைப் பூசினால் ஒருவர் உன்னை விரும்புவார்’ என்ற பழைய வாக்குறுதி எடுக்கப்பட்டுவிட்டது. அதன் இடத்தில் ‘இந்த வரிசையில் உனக்கும் ஒரு இடம்’ என்பது வந்திருக்கிறது. பதினெட்டு வயதில் எந்த ஆசை பெரியது என்று அந்த வயதைக் கடந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

மூன்று ஆட்கள்

இந்த நிகழ்விலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: செண்ட் விளம்பரத்தில் இலக்கு என்று நாம் ஒரே ஆளைச் சொல்கிறோம், உண்மையில் மூன்று பேர் இருக்கிறார்கள். படத்தில் இருப்பவர் ஒருவர். காசு கொடுப்பவர் இன்னொருவர். அவர் யார் மூக்குக்காக அதைப் பூசிக்கொள்கிறாரோ அவர் மூன்றாமவர்.

சிகே ஒன் படத்தில் நிற்பவர்கள் மாடல்கள். பச்சை குத்தியவர்கள், ஒட்டி உலர்ந்த உடம்புக்காரர்கள், எந்த ஊரிலும் கையால் எண்ணிவிடக்கூடிய வகை ஆட்கள். அதை வாங்கியவர்கள் அவர்களைப்போல இருந்திருக்க வாய்ப்பில்லை. வகுப்பில் பின்வரிசைப் பையன், சனிக்கிழமை பகுதிநேர வேலைக்குப் போகும் பெண், இந்த வரிசையில் நிற்கத் துணிவு வராத ஆட்கள். படம் அவர்களைக் காட்டவில்லை. அவர்கள் நிற்க ஆசைப்படும் இடத்தைக் காட்டியது. மூன்றாவது ஆளாக நண்பர் கூட்டம் இருந்தது. காதலியையோ காதலனையோ குறிவைத்துப் பூசியது குறைவு. கூட்டத்தில் ஒட்டிக்கொள்வதற்காகப் பூசியது அதிகம். மூன்றும் மூன்று வேறு ஆட்கள், மூன்றுக்கும் இடையில் இழுவை இருந்தது. அந்த இழுவைதான் பார்ப்பவரை நிறுத்தியது.

முக்கியமான இன்னொரு விஷயம், விளம்பரம் தன் இலக்கைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. ‘இன்றைய தலைமுறையே’ என்று எங்கும் வராது. இலக்கு யார் என்பது பிரீஃபில் மிகத் தெளிவாக இருக்கவேண்டும். பக்கத்தில் அது எழுத்தாக வந்துவிட்டால் அன்றோடு சரி. விளம்பரத்தின் தந்திரமெல்லாம் தெரிந்த பிள்ளைகளிடம் போய் ‘உங்களை எங்களுக்குத் தெரியும்’ என்று சொன்னால், அவர்கள் முதலில் செய்வது சிரிப்பதுதான்.

இதற்குச் சான்று தேடி வேறு நிறுவனத்துக்குப் போகவேண்டியதில்லை. 2005ல் கால்வின் க்ளைன் செண்டுகள் யூனிலீவரிடமிருந்து கோட்டி நிறுவனத்துக்குப் போயின. 2007ல் அடுத்த தலைமுறைக்காக சிகே இன்டுயு என்ற செண்ட் வந்தது. பெயரே குறுஞ்செய்தி எழுத்துக்கூட்டலில். அவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று மீண்டும் இரண்டு பாட்டில். இலக்கு நுகர்வோருக்கு ‘டெக்னோசெக்ஷுவல்’ என்று ஒரு பட்டம் கொடுத்து, அந்தப் பட்டத்தை வணிகச் சின்னமாகவே பதிவுசெய்தார்கள். அவன் வலைப்பதிவு எழுதுவது அவளுக்குப் பிடிக்கும், அவள் அனுப்பும் குறுஞ்செய்தி அவனுக்குக் கிளர்ச்சி என்ற தோரணையில் செய்திக் குறிப்பு வந்தது. இணையத்தில் நல்ல கேலி கிடைத்தது. ஆய்வு ஒன்றும் தப்பில்லை. அந்த வயதினர் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் தினமும் செய்வதை ஒருவரிடமே திருப்பிச் சொல்லிக்காட்டினால் அவருக்கு அதில் ஆசைப்பட என்ன இருக்கிறது? கூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டதைக் கூட்டத்துக்கே ஒப்பித்தது 2007ன் விளம்பரம். 1994ல் தெரிந்துகொண்டதைப் பாட்டிலாகவும் கடையாகவும் நிற்கும் விதமாகவும் மாற்றியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை

சிகே ஒன் பெரிய அளவில் விற்றது, இன்றும் விற்கிறது. 1996ல் தம்பி மாதிரி சிகே பி வந்தது. நல்லவராக இரு, கெட்டவராக இரு, சும்மா இரு என்ற பொருளில் அதன் வாசகம். ஆணுக்கு, பெண்ணுக்கு என்று பெயர் போடாத செண்டுகளை மற்ற நிறுவனங்களும் வரிசையாக இறக்கின.

என்னைக் கவர்ந்த தொடர்ச்சி வேறு. 1990களின் கடைசியில் சிகே ஒன் விளம்பரங்களில் மாடலின் படத்தோடு ஒரு மின்னஞ்சல் முகவரி மட்டும் வந்தது. அன்னா, டியா, ராபர்ட் என்று மூன்று கற்பனைப் பாத்திரங்கள், ஆளுக்கொரு முகவரி. எழுதிப்போட்டால் அந்தப் பாத்திரமே எழுதுவதுபோலக் கடிதம் வரும். பிறகும் அவ்வப்போது தன் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். செண்டைப் பற்றிய பேச்சு மையமே இல்லை. மின்னஞ்சல் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. ‘நீ மின்னஞ்சல் பார்க்கும் தலைமுறை’ என்று பாராட்டாமல், நேராக அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். 1994ல் இசைத்தட்டுக் கடைக்குள் போனதும் இதுவும் ஒரே புத்திதான்.

மறுபக்கமும் உண்டு. 1995ல் இதே நிறுவனத்தின் ஜீன்ஸ் விளம்பரங்களை மெய்செலே எடுத்தார். மரப்பலகை அடித்த நிலவறை மாதிரி ஓர் அறையில், மிகச் சிறுவயதினராகத் தோன்றும் மாடல்கள். பெரும் எதிர்ப்பு கிளம்பி விளம்பரங்கள் திரும்பப் பெறப்பட்டன. அமெரிக்க நீதித்துறை விசாரித்தது, வழக்குத் தொடரவில்லை. 1997ல் போதை அடிமைகளின் தோற்றத்தை அழகாக்கிக் காட்டும் ஃபேஷன் படங்களை அதிபர் கிளின்டன் பொதுவெளியில் கண்டித்தார். ஒல்லியான, வெளிறிய, கண் சொருகிய அழகை 90களின் இளமையாக நிறுவியதில் இந்த விளம்பரங்களுக்கும் பங்கு இருக்கிறது. கூட்டத்தில் இடம் தருகிறேன் என்று ஆசைகாட்டும் படம், எப்படிப்பட்ட உடம்புக்கு இடம் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. பல நிறத்தவரை நிறுத்திய அதே வரிசையில் பருமனான ஒருவரும் இல்லை. வெற்றியை மட்டும் படித்துவிட்டு இதைத் தாண்டிப்போனால் ஆய்வு அரைகுறை.

இன்று ஒருவர் மேசையில் பிரீஃப் வந்தால்

இதை வைத்து அப்படியே ஒரு வரிசையை நிறுத்திக் கறுப்பு-வெள்ளையில் எடுக்கவேண்டாம். அந்தப் படத்தை இவ்வளவு வருடமாக ஆடை விளம்பரங்கள் நகலெடுத்துத் தேய்த்துவிட்டன. எடுத்துக்கொள்ளவேண்டியது வேலை நடந்த வரிசை. முதலில் அந்தக் கூட்டம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும், ஆனால் செண்ட் உலகம் கண்டுகொள்ளாத ஒரு பழக்கத்தைத் தேடவேண்டும். அங்கே அது பகிர்ந்துபோட்ட சட்டை. வேறொரு கூட்டத்துக்கு வேறொன்றாக இருக்கும்: அறுபது தாண்டியவர்களுக்காகச் செய்தால், தனக்கென்று முதன்முறையாகச் செலவு செய்கிறவரின் தயக்கமாக இருக்கலாம், இரவுப் பணியாளர்களுக்கென்றால், எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில் குளித்துக் கிளம்புவதாக இருக்கலாம், செண்டே பழக்கமில்லாதவர்களுக்கென்றால், அதிகமாகப் பூசிவிட்டோமோ என்ற பயமாக இருக்கலாம். கடைசியில் சொன்னதை எடுத்துக்கொண்டால் பாட்டிலின் பீய்ச்சும் அளவிலிருந்தே விளம்பரம் தொடங்கிவிடும்.

அப்புறம் மூன்று ஆட்களுக்கும் தனித்தனியாக ஒரு பத்தி எழுதவேண்டும். மூன்று பத்தியும் ஒரே ஆளைப் பற்றியதாக வந்தால் ஏதோ சரியில்லை என்று பொருள்; பெரும்பாலும் வாங்குபவரையே படத்திலும் நிறுத்தியிருப்போம். பரிசாக வாங்கிக்கொடுக்கும் செண்டில் இந்தப் பிரிவினை இன்னும் கூர்மையாகும். அங்கே பூசுபவர் ஒருவர், காசு கொடுப்பவர் ஒருவர், ‘நல்ல தேர்வு’ என்று சொல்லவேண்டியவர் இன்னொருவராகக்கூட இருப்பார். கொடுப்பவருக்குத் தப்பாக வாங்கிவிடுவோமோ என்ற அச்சம்தான் பெரிது. அவரிடம் மோகத்தைப் பேசிப் பயனில்லை.

வாசகத்தைக் கடைசியில் எழுதலாம், குறைவாக எழுதலாம். இலக்கைக் குறிக்கும் சொல் ஏதாவது அதில் இருந்தால், ‘இளமை’, ‘நவீனப் பெண்’, ‘துணிச்சலானவர்’ மாதிரி, அதை அடித்துவிட்டுப் படம் தனியாக நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். நிற்கவில்லை என்றால் கோளாறு படத்தில்.

சோதனைக்கு ஒரு வழி சொல்கிறேன். தயாரித்த பக்கத்தில் பாட்டிலையும் பெயரையும் மறைத்துவிட்டு, இலக்குக் கூட்டத்திலிருந்து சிலரிடம் கொடுங்கள். இது எந்தப் பொருளின் விளம்பரம் என்று கேட்காதீர்கள்; எல்லோரும் சரியாகவோ தப்பாகவோ ஊகிப்பார்கள், அதனால் பயனில்லை. ‘இவர்கள் யார், இதற்கு முன் என்ன பேசிக்கொண்டிருந்திருப்பார்கள், நீங்கள் உள்ளே வந்தால் யார் நகர்ந்து இடம் விடுவார்கள்’ என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டினால் அச்சுக்கு அனுப்பலாம். ‘யாரும் விடமாட்டார்கள்’ என்று சொன்னால் மாடல்களை மாற்றுங்கள். ‘இது யாரோ எங்களைப்போல நடிக்கிறார்கள்’ என்று சொன்னால் பிரீஃபிலிருந்தே திரும்பத் தொடங்கவேண்டியதுதான்.